மேலேயா, கீழேயா

கோட்டைப்பட்டினத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போதே பிரகதீஸ்வரிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. இதுதான் காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. உமர் பாரூக்கின் வலது கால் தேறிவிட்டது என்று செவ்வாய்க்கிழமைதான் மதிப்பீட்டுத் தாளில் எழுதி, சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்திருந்தாள். அந்தத் தாளைப் பார்த்து, இவர் கடலுக்குப் போகலாம் என்று நாளை காலை மருத்துவர் கடிதம் எழுதித் தருவார். நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அவற்றில் ஒன்றை உமர் பாரூக் ஓட்டிக்கொண்டு போவார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் கீரமங்கலத்தில் பேருந்து ஏறியதிலிருந்து அந்தத் தாளே கண்முன் நின்றது. பத்துக்குப் பத்து. அதற்கு முந்தைய வாரமும் பத்துக்குப் பத்து. அதற்கு முந்தைய வாரமும் அதே. அறந்தாங்கி தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது: மனுஷனின் கால் ஒருநாள்கூட ஒன்பது வாங்கவில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். மணமேல்குடி வட்டாரத்தில் படுக்கையோடு கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. ஐந்து வருடமாகிறது. உமர் பாரூக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பத்திரண்டு வருடம் படகு டிரைவர். ஜனவரியில் ஒரு விடிகாலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் பேச்சும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. காலில் பலமும் வந்துவிட்டது. உணர்ச்சிதான் பாக்கி இருந்தது. அதுவும் பிப்ரவரியிலேயே மளமளவென்று திரும்பியதாகத் தாள் சொன்னது.

அந்தத் தெருவுக்குள் நுழைவதே முதலில் பெரிய பாடாக இருந்தது. முதல் நாள் உமர் பாரூக்கின் மனைவி ரமீஜா வாசலிலேயே நிறுத்தி, என்ன செய்ய வேண்டும் என்று சொல், நானே செய்துகொள்கிறேன், அவுக காலை நீ தொட வேண்டாம் என்றாள். பிரகதீஸ்வரி வாக்குவாதம் செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். அடுத்த முறை உள்ளே வரச் சொன்னார்கள். நீ தொடலாம், ஆனால் நான் பக்கத்தில் இருப்பேன் என்பது ரமீஜாவின் நிபந்தனை. மூன்றாவது முறையிலிருந்து அவள் கணவரின் இடது கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு கட்டிலில் ஒட்டி உட்கார ஆரம்பித்தாள். அந்தக் காட்சி பிரகதீஸ்வரிக்குப் பிடித்துப்போயிற்று. புதுக்கோட்டையில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லவும் செய்தாள். வீட்டு வழக்கத்தை மதித்தால் வீட்டார் நம்மை நம்புவார்கள் என்றாள். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பதினோரு வீடுகள் அவளுக்குத் திறந்தன. எல்லாம் ரமீஜா சொல்லி.

உமர் பாரூக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. இன்று ஜும்மா தொழுகை, பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டில் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று என்பது மூலையில் இருந்த பையைப் பார்த்தாலே தெரிந்தது.

ரமீஜா வழக்கம்போலக் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பிரகதீஸ்வரி கீழே உட்கார்ந்து அவர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கைலி சற்று விலகியது. கெண்டைக்காலின் உட்புறம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம், உடைந்து, மேலே காய்ந்த பற்பசை.

"சைலன்ஸர்ல பட்டுருச்சு. பேஸ்ட் தடவிருக்கேன், ஆறிரும்," என்றாள் ரமீஜா.

"எப்ப பட்டுச்சு?"

"புதன்கெழம," என்று ரமீஜாவும், "செவ்வாக்கெழம," என்று உமர் பாரூக்கும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"பட்டப்ப எரிஞ்சுச்சா பாய்?"

"அவுக பொறுத்துக்குவாக," என்றாள் ரமீஜா.

"நான் பாயைக் கேட்டேன்க்கா."

உமர் பாரூக் ஜன்னல் பக்கம் பார்த்தார். தொழுகைக்குக் கால் கழுவும்போது ரமீஜாதான் அதைப் பார்த்தாள் என்றார். எப்போது சுட்டது என்று தனக்கே சரியாகத் தெரியாது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது இருக்கலாம், பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை என்றார். அந்த அளவுக்குத் தோல் வெந்துபோக எத்தனை நொடி கால் அங்கே அழுந்தி இருந்திருக்க வேண்டும் என்று பிரகதீஸ்வரியின் மனம் கணக்குப் போட்டது.

எப்போதும் செய்வதையே செய்தாள். அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். கால் பெருவிரலின் இரு பக்கத்தையும் பிடித்து, மெல்ல ஒரு நூல் அளவு அசைத்தாள். மேலே போகிறதா, கீழே போகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும் மனிதனுக்கு இது சிரிப்பு வரவழைக்கும் கேள்வி. மூளையில் அந்த வழி அடைபட்டுப் போனவனுக்கு விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கண் பார்க்கும்வரைதான் அவனுக்குக் கால் உண்டு.

"மேல," என்றார் உமர் பாரூக். "கீழ. கீழ. மேல." எல்லாம் சரி.

இந்த முறை அவள் விரலைப் பார்க்கவில்லை. ரமீஜாவின் கையைப் பார்த்தாள். முந்தானைக்கு அடியில் அந்தக் கை சும்மா இருந்தது. விரல் மேலே போனபோது மட்டும் மணிக்கட்டு நரம்பு புடைத்து, பிறகு தளர்ந்தது.

கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் பாதத்தின் மேல் போட்டாள். தன் கையும் அதற்குள் மறைந்துவிட்டது.

"துணி எதுக்கு? நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு," என்றாள் ரமீஜா.

பிரகதீஸ்வரி விரலை மேலே தூக்கினாள். உமர் பாரூக் காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. "கீழ," என்றார் கடைசியில். பிறகு, "இல்ல, மேல." பத்து முறை கேட்டாள். நான்கு சரி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் ஐந்து வந்திருக்கும். ஏழாவது முறையிலேயே ரமீஜா கணவரின் கையை விட்டுவிட்டாள்.

பிரகதீஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம். நாலு மாதமாக ஒரு பைத்தியக்காரியைப்போல வந்து போயிருக்கிறேன் என்று நினைத்தாள். குரலை அடக்கிக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள், இது யாரை ஏமாற்றுவது என்று கேட்டாள்.

ரமீஜா அசரவில்லை.

"ரெண்டாவது தடவ நீ வந்தப்ப இவுக உண்மையத்தான் சொன்னாக. ஒண்ணுமே தெரியலம்மான்னாக. நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"இது தெரியலைன்னா படகு ஓட்டுறத மறந்துட வேண்டியதுதான் பாய்னு சொன்ன. பேனாவ மூடிக்கிட்டே சொன்ன. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையத் தூக்கிட்டுப் போயிட்ட. இவுக ரெண்டு நாள் சரியாச் சோறு திங்கல. அடுத்த தடவ நீ வெரலத் தூக்குனப்ப என் கை தானா அமுக்குச்சு. இவுக சரியாச் சொன்னதும் ஒன் மொகத்தப் பாக்கணுமே. பரீட்சையில பாஸான புள்ளையப் பாக்குற மாதிரி பாத்த. அப்பறம் எப்புடி நிறுத்துறது?"

பிரகதீஸ்வரி ஞாபகத்தைத் துழாவிப் பார்த்தாள். அந்த நாள் கிடைக்கவில்லை. நாலு வீடு பாக்கி இருந்த ஏதோ ஒரு பிற்பகலாக இருக்கும். அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று மறுக்கவும் முடியவில்லை. பேனாவை மூடிக்கொண்டே பேசுவது அவள் பழக்கம்தான்.

அதைவிட மோசமான ஒன்று இப்போது புரிந்தது. உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நம்பி, அதற்கான பயிற்சி எதையும் அவள் கொடுக்கவே இல்லை. சொரசொரப்பான துணி, மணல், குளிர்ந்த தண்ணீர் என்று காலுக்கு மறுபடி பழக்கிக்கொடுக்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. பிப்ரவரியில் ஆரம்பித்திருக்க வேண்டும். இது ஜூன்.

தாளை மாற்றி எழுத வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றாள். "ஒங்க முதுகுக்குப் பின்னால சொல்லல பாய். இங்கேயே ஒங்க முன்னாடி போன் பண்றேன்."

"போன வைங்க," என்றார் உமர் பாரூக். அவ்வளவு நேரம் சும்மா இருந்த மனிதர் எழுந்து நின்றார். நிற்பதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வேதனை. "கண்ண மூடிக்கிட்டா எவனும் போட்டு ஓட்டுறான்? இது தரையில இருக்கவங்களுக்கு வச்ச டெஸ்ட்டு. வாங்க, போட்டுல ஏறிக் காட்டுறேன். அப்பவும் ஒங்களுக்குத் திருப்தி இல்லைன்னா போன் பண்ணுங்க. ஆனா அதுக்கப்பறம் இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஆனால் இங்கேயே போன் செய்துவிட்டுக் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கடிதம் இல்லாவிட்டாலும் அவர் ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறுவார். படகுக்காரர் ராஜா முகமது பழைய சிநேகிதர், வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கடிதம் கேட்டது பேருக்குத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ரமீஜா உள்ளேயே நின்றுவிட்டாள்.

தெருவில் அவர் முன்னால் நடந்தார். ஒரு வாசலில் இருந்து ஒரு பெண், இங்கிட்டும் வந்துட்டுப் போங்க டாக்டரம்மா, உம்மாவுக்கு இடுப்பு பிடிச்சிருக்கு என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்று கையைக் காட்டினாள். அடுத்த வாரம் இந்த வாசல் திறக்குமா என்ற நினைப்பு கூடவே நடந்து வந்தது. திறக்காவிட்டால் இந்த உம்மாவின் இடுப்பு அப்படியே இறுகிப்போகும். அதற்கு அடுத்த வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறது. உமர் பாரூக்கின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவர் தலை குனிந்தபடி தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். பார்த்து வைத்து நடங்கள் என்று முதலில் பழக்கியது அவள்தான். உணர்ச்சி திரும்பிய பிறகும் அவர் அப்படியே நடந்ததை அடக்கம் என்று நினைத்திருந்தாள்.

மீன் இறங்குதளத்தில் இரண்டு மாதத்து அமைதி கலைந்திருந்தது. ஐஸ் லாரிகள், டீசல் கேன்கள், புதுப் பெயிண்ட் வாடை. அறுபது எழுபது படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ராஜா முகமதுவின் படகு மூன்றாவது. அவர் மேல்தளத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும், "என்ன பாய், ஆடிட்டரோட வர்றீங்க?" என்றார்.

கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகையில் உமர் பாரூக் ஏறிய அழகைப் பார்த்து பிரகதீஸ்வரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. கயிற்றை ஒரு கையால் தொட்டும் தொடாமலும் நாலே எட்டில் ஏறிவிட்டார். அவள்தான் பலகையில் தவழாத குறையாகப் போனாள். படகு அசைந்துகொண்டே இருந்தது. அவர் டிரைவர் அறைக்குள் போய் சக்கரத்தைப் பிடித்துக் காட்டினார். வெளியே வந்து விளிம்பைப் பிடிக்காமல் நடந்தார். உடம்பு படகோடு சேர்ந்து சாய்ந்தது, நிமிர்ந்தது. தான் ஒருவேளை தப்பாகப் பயப்படுகிறோமோ, முப்பத்திரண்டு வருடத்துப் பழக்கம் விரலின் குறையை ஈடுகட்டிவிடுமோ என்று அவள் நினைக்க ஆரம்பித்தாள்.

அவரும் அதை அவள் முகத்தில் கண்டிருப்பார். கலகலப்பாகிவிட்டார். ராஜா முகமதுவோடு பேச்சு கொடுத்தபடி முன்பக்கம் போனார். விளக்குக் கம்பம் சாய்ந்திருக்கிறது, இரண்டு மாதம் கரையில் கிடந்தும் இதைப் பார்க்க ஆளில்லையா என்று கையை நீட்டிக் கேட்டார். இப்போது அவர் காலைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு பேச்சாக ஓர் இடத்தில் நின்றார்.

படகின் பக்கவாட்டில் நம்பர் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி தூரிகையைக் கீழே வைத்தார். நாற்பது வயது ஆள், உமர் பாரூக் ஓட்டும் படகில் பதினைந்து வருடமாக வலை இறக்குபவர்.

"அண்ணே," என்றார். சத்தமாகக்கூட இல்லை. "கால்."

உமர் பாரூக் குனிந்தார். முதலில் இடது காலைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. பிறகு வலது காலைப் பார்த்தார். நங்கூரக் கயிறு வளையம் வளையமாகக் கிடந்தது. அவருடைய வலது பாதம் அந்த வளையத்துக்கு நடுவில், கயிற்றின் மேலேயே அழுத்தமாக ஊன்றியிருந்தது.

பிரகதீஸ்வரியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அது கயிறு, அவ்வளவுதான். அங்கிருந்த மற்றவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்பது ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. கடலில் அந்தக் கயிறு ஓட ஆரம்பித்தால் அதற்குள் இருக்கும் காலையும் ஆளையும் சேர்த்துக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். புதிதாக ஏறும் ஆளுக்கு உமர் பாரூக் சொல்லும் முதல் விஷயமே இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டாள். கயிற்றுக்குள் நின்றால் செவிட்டில் ஒன்று விழும். வெள்ளைச்சாமி வாங்கியிருக்கிறார்.

"யாரு இங்க கயித்தப் போட்டது?" என்று உமர் பாரூக் ஆரம்பித்தார். கயிறு எப்போதும் கிடக்கும் இடத்தில்தான் கிடந்தது. ராஜா முகமது ஐஸ் லாரியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். உமர் பாரூக் கையால் கைலியைத் தூக்கி, கண்ணால் பார்த்துப் பார்த்து, காலை வெளியே எடுத்து வைத்தார். பிறகு விளிம்புப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

தலையை நிமிர்த்தாமலே படகுக்காரரிடம் சொன்னார்.

"ராஜா, ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆளப் பாத்துக்க."

"ஒரு ட்ரிப்பு போய்ப் பாப்பமே பாய். வெள்ளைச்சாமி ஒங்க கூடவே நிப்பான்."

"அவன் வலையப் பாப்பானா, என் காலப் பாப்பானா?"

உமர் பாரூக் இவள் பக்கம் திரும்பி, போன் பண்ணுங்கள் என்றார்.

அவள் அங்கேயே நின்று மருத்துவரைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை கொடுத்த தாள் தவறு, கடிதம் எழுத வேண்டாம் என்றாள். பத்துக்குப் பத்து எப்படி வந்தது என்று மறுமுனையில் கேட்பது உமர் பாரூக்குக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். ரமீஜாவின் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"நான் சோதிச்ச விதம் தப்பு சார்," என்றாள் பிரகதீஸ்வரி. "நோயாளி பக்கம் ஒண்ணும் இல்ல. என் தப்புதான்."

மருத்துவர் நிறையப் பேசினார். எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றார். இதே மாதிரி வேறு யாருடைய தாள்களில் எழுதியிருக்கிறாள் என்றும் கேட்டார். அவளுக்கும் உமர் பாரூக் வீட்டிலிருந்து கிளம்பிய நேரம் முதல் அதே கேள்விதான். பதினோரு வீடுகள். எந்த வீட்டில் எந்தக் கை எதை மறைத்தது என்று இனிமேல்தான் போய்ப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் சார் என்று வைத்தாள்.

உமர் பாரூக் தன் வலது காலைத் தடவிக்கொண்டிருந்தார், வேறு யாருடையதையோ தடவுவதுபோல.

"இது வருமா, வராதா? பூசி மெழுகாமச் சொல்லுங்க."

"தெரியல பாய். வரலாம். வராமயும் போகலாம். இதுக்குன்னு நாம இன்னும் ஒண்ணுமே பண்ணல. சரியாயிருச்சுன்னு நெனச்சு நாலு மாசத்த விட்டுட்டேன்."

அவர் அதை வாங்கிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை என்பதுபோல ஒரு சத்தம் வந்தது. "ஆக, பாஸாகிப் பாஸாகியே படிப்பக் கோட்டை விட்டுட்டோம்."

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். படகுகளில் ஒவ்வொருவராகக் கை கழுவ ஆரம்பித்தார்கள். அவரும் எழுந்தார். பலகை அருகே வந்து நின்றார். ஏறும்போது நாலே எட்டில் வந்த அதே பலகை. கீழே தண்ணீர் எண்ணெய் படிந்து மினுங்கியது. அவர் வெகுநேரம் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தளத்தில் இருந்தவர்கள் பார்க்காததுபோல இருந்தார்கள்.

"தோளக் கொடுங்கம்மா," என்றார்.

அவள் முன்னால் இறங்கினாள். அவர் கை அவள் தோளில் விழுந்தது. கனமான கை. மேலுக்கு வைத்த கை அல்ல, உண்மையாகவே எடையை இறக்கிய கை. பலகை ஆடியது. வலது கால் இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் அவளைக் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்து, வலது ஓரத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வையுங்கள் என்றாள். வைத்தார்.

கரையில் கால் பதிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐஸ் கம்பெனிச் சுவரோரம், வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியபடி ரமீஜா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எவ்வளவு பார்த்தாள் என்றும் தெரியவில்லை. இந்த நாலு மாதத்தில் அவள் அமுக்கிய கையை இப்போது வேறொருத்தியின் தோள் தாங்கிக்கொண்டு வந்தது.

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார் உமர் பாரூக். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

"இல்ல பாய். நானும் சொல்லணும்," என்றாள் பிரகதீஸ்வரி. என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். ரமீஜா நின்ற இடத்துக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது.